திரைவானில் பறக்கும் வரலாறு

பழைய போர்க்காலத்தைச் சித்திரிக்கும் திரைப்படங்களில் உடையிலும் உரையாடலிலும் பிழை காண்போர் பலர். வானில் பறக்கும் விமானத்தை உற்று நோக்குவோர் சிலரே. அவ்விமானமும் வரலாற்றின் ஓர் ஏடு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1940ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்தின் வானில் நிகழ்ந்த பெரும்போரைக் காட்டுவது, கை ஹாமில்டன் இயக்கி 1969இல் வெளிவந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’. அப்போரில் எதிரெதிர் நின்ற ஜெர்மானிய விமானி அடால்ஃப் கால்லாண்டும் ஆங்கிலேய விமானி ஸ்டான்ஃபோர்டு டக்கும் அதற்கு ஆலோசகராய் அமைந்தனர். இத்துணை அக்கறை காட்டிய படத்திலும் ஒரு விந்தை உண்டு. ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 என நாம் காண்பவை, போருக்குப் பின் ஸ்பெயினில் கட்டப்பெற்ற ‘புச்சோன்’ விமானங்கள். அவற்றை இயக்கியதோ, பகைவரின் ஸ்பிட்ஃபயருக்கு உயிரளித்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் என்ஜின்!

இதனால் வந்த குறை யாது? உண்மை மெஸ்ஸர்ஷ்மிட்டில் என்ஜின் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தமையால் புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்பாகத்தில் அமைந்தன. புச்சோனில் அவை மேலேறின. முகவாயோ மார்பு புடைத்த புறாவைப்போல் பருத்தது. அதன் பெயரும் அப்புறாவின் பெயரே. குறை தோற்றத்தோடு முடியவில்லை. ஜெர்மானிய என்ஜின் எரிபொருளை நேரே பீய்ச்சும் அமைப்புடையது. விமானி சட்டென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்து தப்பலாம். கார்புரேட்டரை நம்பிய அன்றைய மெர்லின், அவ்வாறு பாய்ந்தால் ஒரு கணம் திணறும். அக்கணத்தில் உயிர்கள் ஊசலாடின. பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர் சிறு வளையம் ஒன்றால் அக்குறையைத் தணித்தது 1941இல்தான். இரு தரப்புக்கும் ஒரே என்ஜினைப் பூட்டிய திரையில் இவ்வேறுபாட்டின் புறச்சின்னமும் எஞ்சவில்லை.

எனினும் அப்படத்தை நாம் பழியோம். பறக்கும் நிலையில் மூல விமானங்கள் கிட்டாதபோது, அவற்றின் உடன்பிறப்புகளைத் தேடிக் கொணர்ந்தனர். இன்மையால் நேர்ந்த பிழை அது. 2017இல் வந்த ‘டன்கர்க்’, பகைவனைக் காண்போர் எளிதில் அறியும்பொருட்டு, டன்கர்க் நிகழ்ச்சிக்குப் பின்னரே வழக்கிற்கு வந்த மஞ்சள் மூக்கை ஜெர்மானிய விமானத்துக்குச் சூட்டியது. அது கலைஞன் தெரிந்தே எடுத்துக்கொண்ட சலுகை. ஆனால் 2001இன் ‘பேர்ல் ஹார்பர்’, 1941 டிசம்பரில் வெளிர்சாம்பல் நிறத்தில் வந்த ஜப்பானிய ஜீரோ விமானங்களுக்குப் பச்சை பூசியது. விமானத்துக்குப் பஞ்சம் வரலாம், வண்ணத்துக்குமா பஞ்சம்?

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம் பிள்ளைகள், பிறர் வரலாற்றை மட்டுமன்றித் தம் முன்னோர் வரலாற்றையும் பெரும்பாலும் திரையிலேயே காண்கின்றனர். திரை சொன்னதே மெய்யென அவர்கள் கொண்டுவிட்டால், பின்னர்த் திருத்துவார் யார்? தில்லி பாலத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் நிற்கின்றன. படம் பார்த்த மறுவாரம் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோம். கண்டதை மெய்யோடு ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றுமாயின், திரையின் பிழையும் ஒரு பாடமாகிவிடும்.