மெழுகும் மெய்நிகர்க் களிமண்ணும்

திருக்கோணமலையில் 1950ஆம் ஆண்டு கிணறு வெட்டியபோது கோணேசர் கோயிற் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றின் சமயச் சிறப்புப் பெரிதும் பேசப்பட்டது. மெழுகில் அவற்றுக்கு உருவமைத்த கைகளின் உழைப்போ அதிகம் பேசப்படவில்லை. அவ்வுழைப்பை மனங்கொண்டே, அன்புவழிபுரத்திலிருந்து நாம் கணினிச் சிற்பக் கருவிகளை நோக்குகின்றோம்.

தட்டைத் திரையிற் சிற்பி ஆழத்தை ஊகித்தே அறிந்தான். 2016இல் வெளிவந்த ஒக்குலஸ் மீடியம் என்னும் மென்பொருள், தலையில் அணியும் கருவிவழி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படிமங்களைக் காட்டி ஆழத்தை உணர்த்தியது. கைக்கருவியின் அசைவுக்கேற்ப உருவம் குழைந்தது. இது உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியே. பழமை பேசி ஒதுக்குதல் பிற்போக்காகும். ஆயினும் மெழுகு விரலை எதிர்க்கும். இக்கருவி அதிர்வதன்றி எதிர்ப்பதில்லை. பொருளின் எதிர்ப்பிலன்றோ சிற்பியின் அறிவு விளைகின்றது!

இதனினும் முக்கியமானது உடைமை பற்றிய வினா. அத்தகு திருமேனிகளை இன்றும் மெழுகுவழி வார்க்கும் சுவாமிமலைச் சிற்பி, தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் தானே காய்ச்சிக் கலக்கின்றான். வணிகனுக்குக் கட்டுப்பட்டவனாயினும் கருவி அவனுடையது. மீடியமோ 2019இல் பேஸ்புக்கிடமிருந்து அடொபி நிறுவனத்திற்குக் கைமாறியது. அதிற் பயின்ற கைகளுக்கு அவ்வுடைமையிற் பங்கில்லை. ஆகவே, கருவி எத்துணை நுட்பமானது என்பதன்று, அது யாருடையது என்பதே எமது திறனாய்வின் முதல் வினாவாதல் வேண்டும்.