பன்னிரண்டு பேரில் நம்மாள் எத்தனை பேர்?

சிட்னி லூமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957) படத்தை நீதிக்கான பாடப்புத்தகம் மாதிரி கொண்டாடுகிறார்கள். பதினோரு ஜூரர்கள் 'குற்றவாளி' என்று கைதூக்க, ஹென்றி ஃபோண்டா மட்டும் பேசிப் பார்ப்போம் என்கிறார். கடைசியில் சேரிப் பையன் தப்பிக்கிறான். (சேரி என்றே எழுதுகிறேன், அந்தச் சொல்லின் கனம் நமக்குத் தெரியும்.) சும்மா சொல்லக்கூடாது, படம் ஆளை நகரவிடாது. ஆனால் நல்ல மனசுக்காரர் ஒருத்தர் உள்ளே இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்று நம்ப வைக்கிறது பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள். கறுப்பர் கிடையாது, பெண் கிடையாது. பையனின் முகத்தைத் தொடக்கத்தில் சில நொடிகள் காட்டுவதோடு சரி. என்ன இனமென்றுகூடச் சொல்வதில்லை. 'அந்த ஆட்கள்' என்று ஒருத்தர் வெறுப்பைக் கக்கும்போது மற்றவர்கள் மேசையைவிட்டு எழுந்து முதுகைக் காட்டுகிறார்கள். நிஜத்தில் யார் எழுந்து போனார்கள்?

கதை தொலைக்காட்சி நாடகமாக வந்தது 1954இல். அடுத்த வருஷமே மிசிசிப்பியில் எம்மெட் டில் கொல்லப்பட்டான், வயது 14. சம்னர் நீதிமன்றத்தில் மோசஸ் ரைட் என்ற கறுப்புக் குடியானவர் எழுந்து நின்று, பையனைத் தூக்கிப்போன வெள்ளையர்களை விரல்நீட்டிக் காட்டினார். உயிரைப் பணயம் வைத்த சாட்சி அது. பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் 67 நிமிடத்தில் விடுதலை என்றார்கள். சோடா குடிக்க நிற்காமலிருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்றாராம் ஒரு ஜூரர். விடுதலையான இருவரும் 1956 ஜனவரியில் 'லுக்' பத்திரிகையில் கொன்றதை ஒப்புக்கொண்டார்கள், அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு. அந்த மாவட்டத்தில் கறுப்பர்தான் பெரும்பான்மை. ஜூரியை எடுப்பது வாக்காளர் பட்டியலிலிருந்து. பட்டியலில் கறுப்பர் ஒருத்தரும் இல்லை.

வெள்ளையர் மட்டுமே ஜூரி என்ற சட்டம் செல்லாதென்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1880இலேயே சொல்லியாச்சு. சட்டம் போனது, வழி போகவில்லை. காரணம் சொல்லாமலே ஆளை நீக்கும் உரிமை வக்கீல்களுக்கு உண்டு. இனம் பார்த்து நீக்கக்கூடாதென 1986இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் அதே மிசிசிப்பியில் கர்டிஸ் ஃபிளவர்ஸை ஒரே அரசு வக்கீல் ஆறு தடவை விசாரணையில் நிறுத்தினார். நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பரில் 41 பேரை நீக்கினார். 2019இல்தான் உச்சநீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

அப்படியானால் நீதிபதி மட்டும் போதுமா? இங்கே 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜூரியைக் கைவிட்டது. 1968இல் 44 பேரை எரித்த கீழ்வெண்மணி வழக்கில், அதே 1973இல் நிலவுடைமையாளர்களை விடுவித்தது ஜூரி அல்ல, உயர்நீதிமன்றம்.

லூமெட் படத்தில் யாரும் அதிகம் பேசாத ஆள் ஐந்தாம் ஜூரர், சேரியில் வளர்ந்தவர். பொத்தானை அழுத்தினால் விரியும் அந்தக் கத்தியைக் கீழிருந்து மேலாகத்தான் குத்துவார்கள், மேலிருந்து இறங்கிய காயம் பொருந்தாது என்று காட்டுகிறவர் அவர்தான். கட்டடக் கலைஞரான ஃபோண்டாவுக்கு அது தெரியாது, பங்குத் தரகருக்கும் தெரியாது. தெருச்சண்டையைக் கண்ணால் பார்த்தவனின் அறிவு அது. பெருமையெல்லாம் வெளுத்த கோட்டுக்காரருக்கு! ஐந்தாமவரை ஜூரித் தேர்விலேயே நீக்கியிருந்தால் அந்த அறையில் கத்தியைப் பற்றிச் சொல்ல யார் இருந்திருப்பார்?