அவள் பிள்ளை எங்கே? - அரசவைச் செவிலியரும் சரித்திரப் புனைகதையும்

நிக்காஹ் பேச்சு முற்றி வரும் வேளையில், நம்மைப் போன்ற அரபிக் கல்லூரி ஆசிரியர்களிடம் சில பெரியவர்கள் தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலாவைக் கொண்டு வருவதுண்டு. மணமக்கள் இருவரும் கைக்குழந்தைகளாய் இருந்தபோது ஒரே பெண்ணிடம் பால் குடித்ததாக வீட்டு மூதாட்டி ஒருவர் சொல்கிறார்; நிக்காஹ் கூடுமா, கூடாதா? எந்த வயதில், எத்தனை முறை என்று நாம் விசாரிப்போம். பால்குடிப் பருவத்திற்குள் சிறிதளவு குடித்திருந்தாலும் ஹனஃபி மத்ஹபில் உறவு ஏற்பட்டுவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்திருக்க வேண்டும். விடை கிடைத்ததும் வந்தவர்கள் எழுந்துவிடுவர். பால் கொடுத்த அந்தப் பெண்மணி இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை.

இந்த மறதி நம் வீடுகளோடு நின்றுவிடவில்லை. அரசகுமாரரை வளர்த்த செவிலியரைப் பற்றிய சரித்திரப் புனைகதைகளிலும் இதே மறதியைக் காண்கிறோம். அக்கதைகளில் செவிலிக்கு ஒரே ஒரு பண்புதான் உண்டு: விசுவாசம். அது மிகுந்தால் அவள் தியாகி, திரிந்தால் சூழ்ச்சிக்காரி. இவ்விரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஒரு வாழ்வு இருந்ததா என்பதை எழுத்தாளர் தேடுவதில்லை. எனவே இவ்வகைக் கதைகளை மதிப்பிட ஓர் எளிய உரைகல்லை இக்கட்டுரையில் முன்வைக்கிறோம். அரசன் பிள்ளையை அவள் வளர்த்தபோது, அவளுடைய பிள்ளை எங்கே இருந்தது?

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாலூட்டுபவளை அரபி மொழி 'முர்ளிஆ' என்கிறது. மடியில் வைத்து வளர்ப்பவளை 'ஹாளினா' என்கிறது. அன்னை ஹலீமா (ரலி) நபி (ஸல்) அவர்களுக்கு முர்ளிஆ. அன்னை உம்மு அய்மன் (ரலி) ஹாளினா. தமிழில் செவிலி என்னும் ஒரு சொல்லே இரு பொருளையும் தாங்குகிறது. மேலும், தமிழ் அகமரபு செவிலிக்குப் பேச இடம் கொடுத்தது. தோழி என்பவள் செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதாவது, செவிலியின் சொந்த மகள் தலைவியோடு ஒன்றாக வளர்ந்து, கதையின் நடுவிலேயே நிற்கிறாள். 'அவள் பிள்ளை எங்கே' என்னும் வினாவுக்கு நம் பழைய இலக்கணம் விடை வைத்திருந்தது. பிற்காலச் சரித்திரக் கதைகளோ அவ்விடையைத் தொலைத்துவிட்டன.

தியாகியின் வார்ப்புக்குச் சான்று மேவாரின் பன்னா தாய். 1536ஆம் ஆண்டளவில் சித்தூர்க் கோட்டையில் பன்வீர் அரியணையைக் கைப்பற்றியபோது, குழந்தை உதயசிங்கைக் காப்பாற்றுவதற்காகத் தன் மகன் சந்தனைப் படுக்கையில் கிடத்தி வாளுக்குப் பலி கொடுத்தாள் என்பது ராஜஸ்தானத்து வழக்கு. இந்நிகழ்ச்சியை ராம்குமார் வர்மா 'தீப்தான்' என்னும் இந்தி ஓரங்க நாடகமாக எழுதினார். இங்கே செவிலியின் பிள்ளை மறைக்கப்படவில்லை. அரங்கின் நடுவிலேயே இருக்கிறான். அந்த வகையில் நாடகம் நம் உரைகல்லில் பாதி தேறுகிறது. ஆயினும் அவன் அங்கே இருப்பது இறப்பதற்காகவே. தாயின் கதறலைக் காட்டும் நாடகம், ஓர் அரச வம்சத்தின் நீட்சிக்கு ஓர் ஊழியக்காரியின் மகன் ஈடாகலாமா என்னும் கேள்வியை எழுப்பாமல் நின்றுவிடுகிறது. அவளைப் போற்றும்போதே அந்தக் கணக்கையும் சரியென்று நம்மை ஏற்கச் செய்துவிடுகிறது.

சூழ்ச்சிக்காரியின் வார்ப்புக்குச் சான்று மாஹம் அனகா. 'அனகா' என்பது செவிலியைக் குறிக்கும் துருக்கியச் சொல். தமிழிலும் மொழிமாற்றி வெளியிடப்பட்ட 'ஜோதா அக்பர்' (2008) திரைப்படம், புதுமணப் பெண்ணுக்கு எதிராகச் சதி செய்யும் முதியவளாகவே அவரைக் காட்டியது. வரலாறு இதைவிட விரிந்தது. 1543இல் ஹுமாயூன் பாரசீகம் நோக்கித் தப்பியோடியபோது, ஒரு வயதைத் தாண்டிய அக்பர் சிறிய தந்தை அஸ்கரியின் கையில் சிக்கிக் காந்தஹாருக்குக் கொண்டு செல்லப்பட்டார். பெற்றோர் அருகில் இல்லாத அந்த ஈராண்டுகளில் குழந்தையோடு இருந்தவர்கள் செவிலியரே. அவர்களுள் ஒருவர் மாஹம் அனகா. பாலூட்டியவர்களுள் முதன்மையானவர் ஜீஜீ அனகா. மாஹம் பாலூட்டியதற்குத் தெளிவான சான்றில்லை. அவர் செவிலியர் குழுவின் தலைவி, அதாவது ஹாளினா என்றே கருத இடமுண்டு. 1561இல் டெல்லியில் பழைய கோட்டைக்கு எதிரே அவர் எழுப்பிய கைருல் மனாஸில் பள்ளிவாசல் மதரஸாவோடு சேர்த்துக் கட்டப்பட்டது. கல்விக்கூடம் எழுப்பிய ஒரு பெண்மணியைத் திரைச்சீலைக்குப் பின்னிருந்து ஒட்டுக்கேட்பவராக மட்டும் நம் நினைவில் நிறுத்துவது நீதியாகுமா?

1562இல் மாஹமின் மகன் அத்ஹம் கான், ஜீஜீ அனகாவின் கணவரான அத்கா கானை அரண்மனையிலேயே கொன்றான். அக்பர் அவனை மாடியிலிருந்து இருமுறை தள்ளச் செய்தார். செய்தியைக் கேட்ட மாஹம், பேரரசர் செய்தது சரியே என்று சொன்னதாகவும், அவர் முகம் வெளிறிப்போனதாகவும் அபுல் ஃபஸ்ல் பதிந்துள்ளார். நாற்பதாம் நாள் அவரும் இறந்தார். இருவரும் மெஹ்ரௌலியில் ஒரே கல்லறைக் கட்டடத்தில் அடங்கியுள்ளனர். வளர்த்த பிள்ளை பெற்ற பிள்ளையைக் கொல்ல, இரண்டுக்கும் இடையில் நின்ற ஒருத்தியின் கதை இது. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய கரு வேறென்ன வேண்டும்? அரசவை வரலாற்றாசிரியர் ஒரு வரியில் விட்டுச்சென்ற அந்த வெளிறிய முகத்தில்தான் சரித்திரப் புனைகதை தொடங்கியிருக்க வேண்டும்.

மேற்குலகக் கதைகளிலும் நிலைமை வேறன்று. 1862 முதல் 1867 வரை சயாம் மன்னரின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டிய அன்னா லியோனோவென்ஸின் நினைவுகளை வைத்து மார்கரெட் லேண்டன் 1944இல் எழுதிய நாவல் உலகப் புகழ் பெற்றது. அதில் ஆசிரியை நாகரிகத்தின் தூதுவர். அரசவையோ திருத்தப்பட வேண்டிய ஓரிடம். 1999இல் வெளிவந்த திரைப்படத்தைத் தாய்லாந்து தடை செய்ததும் இதனாலேயே. 1831இல் நம் நாட்டு அஹ்மத்நகரில் பிறந்த அன்னா தம் பிறப்பை மறைத்தே வாழ்ந்தார். மகனை உடன் அழைத்துச் சென்றவர், சிறுமியான மகளை இங்கிலாந்தில் பள்ளியில் விட்டுவிட்டே சயாமுக்குச் சென்றார். அரசன் பிள்ளைகள் கற்ற ஒவ்வொரு பாடத்திற்கும் தொலைவிலிருந்த அச்சிறுமி ஒரு விலை கொடுத்திருக்கிறாள்.

இனி, நம் எழுத்தாளர்கள் தொடாத ஒரு வாழ்வைச் சொல்வோம். மாஸந்தரான் பகுதியின் ஆமுலைச் சேர்ந்த ஸத்தியுந்நிஸா கானம், ஜஹாங்கீரின் அவைக்கவிஞர் தாலிப் ஆமுலியின் சகோதரி. கணவரை இழந்தபின் மும்தாஜ் மஹலின் பணியில் சேர்ந்தார். குர்ஆன் ஓதுவதிலும் மருத்துவத்திலும் தேர்ந்தவர். அரசியின் முத்திரை அவர் பொறுப்பில் இருந்தது. இளவரசி ஜஹானாராவுக்குக் குர்ஆனும் பாரசீகமும் கற்பித்தவர் அவரே. 1631இல் மும்தாஜின் உடல் புர்ஹான்பூரிலிருந்து ஆக்ராவுக்குக் கொண்டுவரப்பட்டபோது உடன் வந்தவர்களுள் அவரும் ஒருவர். சகோதரரின் பெண்மக்களைத் தம் மக்களாகவே வளர்த்தார். அவர்களுள் இளையவள் இறந்த துயரத்தைத் தாங்க மாட்டாமல் 1647இல் லாகூரில் அவரும் காலமானார். தாஜ்மஹால் வளாகத்தையொட்டி அவருக்கு முப்பதாயிரம் ரூபாய் செலவில் அடக்கத்தலம் எழுப்பச் செய்தார் ஷாஜஹான். அரசகுமாரிக்கு அறிவூட்டிய இப்பெண்மணியின் உயிரை எடுத்தது தம் வீட்டுப் பெண்ணின் பிரிவு. அவள் பிள்ளை எங்கே என்று கேட்டால் வரலாறே விடை சொல்லும் அரிய இடம் இது.

நம் மண்ணுக்கு வருவோம். 1792இல் திப்பு சுல்தானின் மைந்தர்கள் அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் இருவரும் சிறுவர்களாக இருக்கும்போதே கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். அக்காட்சியை ஆங்கில ஓவியர் பலர் தீட்டினர். ஓவியங்களில் தளபதிகள் உண்டு, வக்கீல்கள் உண்டு, யானைகள் உண்டு. முந்தைய இரவு அச்சிறுவர்களுக்கு உடை எடுத்து வைத்த பெண் இல்லை. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சுல்தானின் மக்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1802இல் ஹைதர், திப்பு இருவரின் அந்தப்புரங்களைச் சேர்ந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களும் இங்கே வந்து சேர்ந்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் புரட்சிக்குப் பிறகு மைந்தர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்கள் வேலூரிலேயே தங்கினார்கள். வளர்த்தவர்கள் ஓரிடம், வளர்ந்தவர்கள் வேறிடம். கோட்டைக்கு அருகிலுள்ள அடக்கத்தலத்தில் பெரிய பேகம்களின் கட்டடங்களைக் காண்கிறோம். அவற்றைச் சுற்றிப் பெயரற்ற கப்ருகள் பல.

1885இல் சித்தி லெப்பை எழுதிய 'அசன்பே சரித்திரம்' எகிப்தின் உயர்குடிக் குழந்தையொன்று களவாடப்பட்டு அயலார் கையில் வளர்வதிலிருந்துதான் புறப்படுகிறது. என்.பி. அப்துல் ஜப்பார் 'ஷஜருத்துர்' எழுதி, அடிமையாக வந்து அரசியான பெண்ணைத் தமிழில் நடமாட விட்டார். இத்தகைய மரபுடைய நமக்கு, கண்ணெதிரே இருக்கும் வேலூர் மஹல்களின் செவிலியரைப் பற்றி ஒரு நல்ல நாவல் இன்னும் கிட்டவில்லை. எழுதப்படுமானால், அவள் எவ்வளவு விசுவாசமானவள் என்பதோடு அது நின்றுவிடலாகாது. அவளுடைய ஊர் எது, கூலி என்ன, தன் பிள்ளையை யாரிடம் விட்டு வந்தாள் என்றும் அது கேட்க வேண்டும்.

இது நாம் புதிதாக விதிக்கும் நிபந்தனையன்று. ஸூரத்துல் கஸஸில் வரும் அரசவைச் செவிலி யார்? மூஸா (அலை) அவர்களின் சொந்தத் தாய். ஃபிர்அவ்னின் மாளிகையில் குழந்தை வேறெவர் பாலையும் ஏற்கவில்லை, தாயே செவிலியாகிறாள். குழந்தையைத் தாயிடமே திருப்பியதற்கு இறைவன் சொல்லும் காரணங்களுள் முதலாவது, அத்தாயின் கண் குளிர வேண்டும் என்பது. அரசனின் நலனன்று, அவளுடைய நெஞ்சமே அங்கே எண்ணப்படுகிறது. பாலூட்டுபவளுக்குக் கூலி கொடுக்குமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. அவளைத் தாய் என்றே அழைக்கிறது. ஃபிக்ஹு சட்டம் அவளுக்கு வாரிசுரிமை தரவில்லை என்பது உண்மை. அந்த இடைவெளியை நன்றியுணர்வு நிரப்ப வேண்டும் என்பதை, ஹலீமா (ரலி) அவர்களுக்குத் தம் மேலாடையை விரித்து அமரச் செய்த நபி (ஸல்) அவர்களின் செயல் காட்டுகிறது.

இவ்வளவும் எழுதும் நமக்கும் ஒரு கணக்கு நிலுவையில் உண்டு. ஆம்பூரில் நம் சிறுவயதில், அன்னை நோயுற்றிருந்த ஆண்டுகளில், அருகிலுள்ள கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண்மணியே நம்மைத் தூக்கி வளர்த்தார். ஃபஜ்ருக்குப் பின் வருவார். இஷாவுக்குப் பின் செல்வார். 'ஆயா' என்பதற்கு மேல் அவர் பெயரை நாம் அறிந்ததில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், தோல் பதனிடும் கூடத்தில் உழைத்துக் கைகள் கறுத்த ஒருவர் கல்லூரி வாசலில் வந்து நின்று அவருடைய மரணத்தைத் தெரிவித்தார். மகன் என்றார். அவருடைய வயதைக் கேட்டோம். "எனக்கும் உங்க வயசுதான் ஹஜ்ரத்" என்றார்.

அந்த விடைக்குப் பிறகு நாம் பேசுவதற்கு ஒன்றுமிருக்கவில்லை. நம்மோடு கழிந்த அவருடைய பகல்கள் யாவும் இவருக்குரியவை. அன்றுதான் ஆயாவின் பெயரைக் கேட்டு அறிந்துகொண்டோம்.

இப்போதெல்லாம் பால்குடி உறவைப் பற்றிய மஸ்அலாவுடன் எவரேனும் வந்தால், முதலில் அப்பெண்மணியின் பெயரைக் கேட்கிறோம். பிறகு அவர் இருக்கிறாரா என்றும், அவருக்கு மக்கள் உண்டா என்றும் கேட்கிறோம். எத்தனை முறை குடித்தார் என்பது அதற்குப் பிறகுதான். சரித்திரக் கதை எழுத முனையும் நம் இளைய எழுத்தாளர்களும் இதே வரிசையில் கேள்விகளைக் கேட்கட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நன்றி மறவாத நெஞ்சைத் தருவானாக.