நான்கு காலும் தரைவிட்ட கணம்

ஐரோப்பிய ஓவியங்களில் பாயும் குதிரை பலமுறை ஒரே கோலத்தில் பாய்ந்தது. முன்னங்கால்கள் முன்னே நீண்டிருக்கும், பின்னங்கால்கள் பின்னே நீண்டிருக்கும், வயிறு புல்லை உரசுவது போலத் தாழ்ந்திருக்கும். எப்சம் குதிரைப் பந்தயத்தைப் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த ஓவியம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு காலும் ஒருகணம் தரையை விட்டு எழுவது உண்மை. ஆனால் அப்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. அந்த ஓவியர்கள் வரைந்தது தவறென்றாகிவிட்டது.

குதிரைக்கு அளித்த இந்தத் தீர்ப்பு, அதன் பக்கத்தில் அதே கோலத்தில் பாயும் நாய்க்குப் பொருந்தாது. கிரேஹவுண்ட் என்ற வேட்டைநாய் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை அந்தரத்தில் இருக்கிறது. ஒருமுறை முதுகு வளைந்து நான்கு காலும் உள்ளே மடங்குகின்றன. மறுமுறை உடல் முழுவதும் நீண்டு, கால்கள் முன்னும் பின்னும் விரிகின்றன. மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் அதன் வேகத்துக்கு இந்த இரட்டை எழும்பலும் ஒரு காரணம். குதிரைக்குப் பொய்யான கோலம் கிரேஹவுண்டுக்கு மெய். இந்த இனத்தின் பழைய ஓவியங்களையும் அச்சுப் படங்களையும் பார்க்க இதுவே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து.

புனிதரைச் சூழ்ந்த நாய்கள்

கிரேஹவுண்ட் மோப்பத்தால் வேட்டையாடுவதில்லை; கண்ணால் கண்டு துரத்தும். நம் சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்களுக்கு அதன் நீண்ட முகமும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் புதிதாக இராது. பிரெஞ்சுப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலின் படப்பிரதி ஒன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அந்தப் பிரதியின் 87 சிற்றோவியங்களில் ஒவ்வொரு வகை நாய்க்கும் தனி இடம் உண்டு. நாய்களை வளர்ப்பது, நோய் பார்ப்பது, வேட்டைக்கு விடுவது எல்லாவற்றையும் வேலைக்காரர்களுக்குக் கற்றுத்தரும் படங்கள் அவை.

சமய ஓவியத்துக்குள் கிரேஹவுண்ட் நுழைய புனித யூஸ்டேஸின் கதை வழிவிட்டது. வேட்டைக்குப் போன ரோமானியப் படைத்தலைவர் மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறினார் என்பது கதை. வேட்டைக்காரர் என்றால் நாய்கள் வேண்டும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள பிசனெல்லோவின் ஓவியத்தில் புனிதர் மானைப் பார்த்து அசையாதிருக்க, கீழே ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. அற்புதம் அதன் கண்ணில் படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள உச்செல்லோவின் இரவு வேட்டையில் கும்பல் கும்பலாக நாய்கள் மரங்களின் ஊடே காட்டின் உள்ளிருட்டை நோக்கித் தாவுகின்றன. அங்கே நீட்டிய கால்களே தூரத்தை அளந்து காட்டும் கோடுகளாகிவிடுகின்றன.

செப்புத் தகடு செய்த வேலை

ஆல்பிரெக்ட் டூரர் 1501ஐ ஒட்டி அதே யூஸ்டேஸ் கதையைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். அவருடைய செப்புத்தகட்டு அச்சுகளிலேயே பெரியது இதுதான். முன்னால் ஐந்து நாய்கள். ஒன்று படுத்திருக்கிறது, ஒன்று உட்கார்ந்திருக்கிறது, மற்றவை வெவ்வேறு பக்கம் திரும்பி நிற்கின்றன. ஒரே உடலை எத்தனை கோணத்தில் காட்டலாம் என்று பாடம் நடத்துவது போன்ற அமைப்பு இது. கலை வரலாற்றாசிரியர் வசாரி இந்த நாய்களைத் தனியே எடுத்துப் பாராட்டினார். ஆனால் ஐந்தில் ஒன்றும் ஓடவில்லை.

ஓவியம் ஒரு சுவரில் தங்கிவிடும். அச்சு ஊர் ஊராகப் போகும். புரூஜில் பிறந்து ஃபுளோரன்ஸில் வேலைபார்த்த ஸ்ட்ராடானஸ், மெடிசி மாளிகைக்கான திரைச்சீலைகளுக்கு வேட்டைக் காட்சிகளை வரைந்தார். அதன் தொடர்ச்சியாக அவர் வரைந்தவற்றை ஆண்ட்வெர்ப்பில் ஃபிலிப்ஸ் காலே அச்சிட்டு வெளியிட்டார். முழுத் தொகுப்பில் 104 தகடுகள். இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் பார்லோ வரைந்த வேட்டைக் காட்சிகளை வென்செஸ்லாஸ் ஹோலர் 1671இல் தகட்டில் ஏற்றினார். இத்தகைய தொகுப்புகள் பட்டறைகளின் மாதிரிப் புத்தகங்களாகவும் பயன்பட்டன. ஓடும் நாயைக் கூர்ந்து பார்க்காத ஓவியரும் ஓடும் நாயை வரைய முடிந்தது. நீட்டிய கோலம் நிலைபெற்றதில் கண்ணுக்கு எவ்வளவு பங்கோ, அச்சுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

எசமானனின் சொத்து

பிரான்சில் நாய்க்குப் பெயர் வந்தது. பதினான்காம் லூயியின் வேட்டைகளுக்குக் கூடவே போய்க் குறிப்பு வரைந்த ஓவியர் தெபோர்ட், அரசரின் நாய்களைப் பெயர் பொறித்த உருவப்படங்களாகத் தீட்டினார். அவருக்குப் பின் வந்த ஊத்ரி, பதினைந்தாம் லூயியின் மிஸ், துர்லு என்ற இரு கிரேஹவுண்டுகளை 1725இல் வரைந்தார். அரசவைப் பெண்களின் படத்துக்குரிய கவனத்தோடு ரோமத்தின் பளபளப்பு தீட்டப்பட்டிருக்கிறது.

இந்த மரபின் உச்சம் லேண்ட்சீர் 1841இல் வரைந்த ‘ஈயோஸ்’ படம். தன் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டின் செல்ல நாய் ஈயோஸை வரையச் சொல்லி, கிறிஸ்துமஸ் பரிசாக அவருக்கே கொடுத்தார் விக்டோரியா அரசி. பக்கவாட்டில் நிற்கும் கரிய நாய்; அருகில் ஆல்பர்ட்டின் தொப்பி, கையுறை, கைத்தடி. ஆல்பர்ட் படத்தில் இல்லை, ஆனால் படம் முழுக்க அவர்தான். எசமானன் பணம் கொடுத்து வரைவிக்கும் நாய் நின்றாக வேண்டும். நின்றால்தான் மார்பின் ஆழமும் இடுப்பின் வளைவும் தெரியும், விலையும் குலமும் தெரியும்.

முயல் பந்தயம்

ஓடும் நாயை வரைவித்தவர்கள் பந்தயக்காரர்கள். ஸ்வாஃபமில் 1776இல் தொடங்கிய சங்கம், 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை என்று முயல் பந்தயம் இங்கிலாந்தில் நிறுவனமானது. இரண்டு நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிட்டார்கள். முயலைக் கொல்வது மட்டும் வெற்றியல்ல; அதைத் திருப்புவதற்கும் புள்ளி உண்டு. ஆக, ஆட்டத்தின் உயிர் வளைவில் இருந்தது; அந்த வளைவில் நாயின் உடல் சுருங்கி மடங்கும். படங்களிலோ அந்த மடிந்த கோலம் அரிது. ரிச்சர்ட் ஆன்ஸ்டெல் வரைந்த வாட்டர்லூ பந்தயக் கூட்டம் (1840, லிவர்பூல் வாக்கர் கலைக்கூடம்) பெரும்பாலும் கூடியிருந்த கனவான்களின் முகங்களுக்கான படம். குதிரையின் எலும்பு வரை அறுத்துப் பார்த்த ஜார்ஜ் ஸ்டப்ஸ்கூட, பாரனெட் என்ற பந்தயக் குதிரையை நான்கு காலையும் அந்தரத்தில் நீட்டியே வரைந்தார். உடற்கூறு அறிந்தவரையும் வழக்கம் வென்றுவிடுகிறது.

மடிந்த கோலம் ஏன் வரவில்லை என்பதை ஊகிக்கலாம். நீண்ட உடல் ஒரே பார்வையில் வேகம் என்று புரியும். சுருண்ட உடல் காகிதத்தில் தடுக்கி விழுந்த நாயாகத் தெரியும்.

கையில் எடுத்துப் பார்க்கையில்

சந்தைக்கு வரும் பழைய கிரேஹவுண்ட் அச்சுகளில் பல, நூல்களிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள். பெவிக் 1790இல் வெளியிட்ட விலங்கு நூலின் மரக்கட்டை அச்சுகளும், ரைனேகிள் வரைந்து ஜான் ஸ்காட் செதுக்கிய ‘ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் கேபினெட்’ (1803–04) நூலின் தகடுகளும் இப்படிக் கிடைப்பவை. செப்புத்தகட்டு அச்சானால், தகடு அழுந்திய தடம் தாளின் ஓரத்தில் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்கால எந்திர நகல். செம்பு சீக்கிரம் தேயும் என்பதால் முதலில் எடுத்த தாள்களுக்கு மதிப்பு அதிகம். 1820களில் எஃகுத் தகடு வந்தபின் ஆயிரக்கணக்கில் அச்சிட முடிந்தது. அரிது என்ற பேச்சை அதற்குப் பின்னான தாள்களில் ஐயத்தோடு கேட்க வேண்டும்.

பெயர்ச்சீட்டையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பிரிட்டனின் கென்னல் கிளப் தோன்றியது 1873இல். அதற்கு முந்தைய படங்களில் காண்பது பதிவேட்டில் ஏறிய இனத்தை அல்ல, ஒரு வேலைக்கேற்ற உடல்வாகை. ஒல்லியான எந்த நாயையும் கிரேஹவுண்ட் என்று விற்பது எளிது.

மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட 781 தகடுகளில் ஓடும் வேட்டைநாய்களும் உண்டு. நீட்டிய கோலமும் மடிந்த கோலமும் அங்கே அடுத்தடுத்த கட்டங்களாக வருகின்றன. அந்தத் தகடுகளை உச்செல்லோவுக்கும் ஸ்ட்ராடானஸுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காமிராவுக்கு முந்தைய ஓவியர்களைக் குருடர்கள் என்று தள்ளிவிட முடியாது. கிரேஹவுண்டின் பாய்ச்சலில் பாதியை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள். குதிரைக்கும் அதே கால்களைக் கொடுத்ததுதான் அவர்கள் செய்த பிழை.