உருமாற்றக் கதைகளில் காதல்: ஒடியன் வழக்கும் திரைத் தழுவல்களும்

முன்னுரை

மனிதன் விலங்காக மாறுவதும், அம்மனிதன் காதலுக்கு உரியவனாவதும் இன்றைய திரைப்படங்களில் ஒருங்கே இடம்பெறுகின்றன. மேலை நாடுகளில் ஓநாய் மனிதனைக் காதலனாகவோ காதலியாகவோ கொண்ட புதினங்கள் பல திரைப்படங்களாகியுள்ளன. கேரளத்தில் இவற்றுக்கு மிக அணுக்கமாக நிற்பது 2018 டிசம்பர் 14 அன்று வெளிவந்த 'ஒடியன்' என்னும் மலையாளத் திரைப்படமாகும். வி.ஏ. ஸ்ரீகுமார் மேனன் இயக்கிய இப்படத்திற்குக் கதையும் உரையாடலும் எழுதியவர் ஹரிகிருஷ்ணன். இதற்கு மூலமாக அமைந்த புதினம் எதுவுமில்லை. பாலக்காட்டு வட்டாரத்து வாய்மொழி வழக்கே இதன் மூலம். எனவே, புதினத்திலிருந்து திரைக்கு வந்த கதைகளை ஒப்பிடும் முறையை வாய்மொழியிலிருந்து திரைக்கு வந்த கதைக்கும் பொருத்திப் பார்க்க இயலுமா என்னும் வினா எழுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை மையமாகக் கொண்டு அமைகிறது.

ஒப்பீட்டு முறை

புதினத்திற்கு அச்சான பனுவல் உண்டு. திரைப்படம் எதை விட்டது, எதைச் சேர்த்தது என்பதைப் பக்கம் புரட்டிக் காட்டலாம். வாய்மொழி வழக்கிற்கு அத்தகைய நிலைத்த வடிவம் இல்லை. ஊருக்கு ஊர், சொல்பவருக்குச் சொல்பவர் அது வேறுபடும். ஆயினும் வேறுபாடுகளுக்கிடையே மாறாது தொடரும் கதைக்கூறுகளை இனங்காண முடியும். உருமாற்றக் கதைகளைப் பொறுத்தவரை மூன்று வினாக்கள் அதற்குத் துணைபுரிகின்றன: உடல் எவ்வாறு மாறுகிறது? அம்மாற்றத்திற்கு விலை கொடுப்பவர் யார்? மாறியவனை மீட்டுக் கொணர்பவர் யார்? இவற்றுக்கு மூலம் தரும் விடையையும் திரைப்படம் தரும் விடையையும் அருகருகே வைத்தால் தழுவலின் போக்குப் புலனாகும்.

ஒடியன் வழக்கு

'ஒடி' என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான வேர்ச்சொல். முறித்தல் என்னும் பொருள் தருவது. மலையாளத்தில் 'ஒடி வைத்தல்' என்று வழங்குவதும் தமிழில் 'செய்வினை வைத்தல்' என்று வழங்குவதும் ஒரே சொல்லாட்சி முறையில் அமைந்தவை. பாலக்காட்டு இலட்சுமிநாராயணபுரத்தில் பிறந்த எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர், கொச்சி நாட்டுக் குடிகளையும் சாதிகளையும் பற்றி 1909, 1912 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகள் வெளியிட்டார். அதே 1909இல் எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரி ஆகியோரின் தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் வெளிவந்தன. ஒடி பற்றிய நம்பிக்கை இப்பதிவுகளில் விரிவாக இடம்பெறுகிறது.

அப்பதிவுகளின்படி, தலைச்சூல் கொண்ட பெண்ணை இரவில் மந்திரத்தால் வீட்டினின்று வெளியே வரவழைத்து, அவளது கருவைக் கொண்டு 'பிள்ளைத் தைலம்' செய்வர் என்பது நம்பிக்கை. அத்தைலத்தைக் காதருகே பூசிக்கொண்டவன் காளை, நாய், பூனை முதலிய வடிவெடுப்பான். பிறர் கண்ணுக்குப் புலப்படாமலும் போவான். இவ்வாற்றல் பறையர், பாணர் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தார் மீது ஏற்றிச் சொல்லப்பட்டது என்பது கருதத்தக்கது. தீண்டலுக்கும் கண்ணில் படுதலுக்கும் கூடத் தொலைவு வகுக்கப்பட்டிருந்த சமூகத்தில், பகலில் விலகி நிற்க வேண்டியவனே இரவில் பிறரை விலகச் செய்பவன் ஆகிறான். ஆகவே இக்கதை மேல்சாதியாரின் அச்சத்தை உரைப்பது. ஒடுக்கப்பட்டோர் மீது பழி சுமத்துவதற்குக் கருவியாக நின்றதும் இதுவே. பதிவு செய்தோர் பழி சுமத்தியவர் பக்கத்துச் செய்திகளையே பெரிதும் கேட்டு எழுதினர் என்பதையும் நினைவிற்கொண்டே இவற்றைப் படித்தல் வேண்டும்.

சில வாய்மொழி வடிவங்களில் வேறொரு கூறும் உண்டு. விலங்குருவில் வீடு திரும்புபவனை மனைவி வாசலிலேயே நீர் ஊற்றி மனித உருவுக்கு மீட்க வேண்டும். அவள் தாமதித்தால் வெறி தணியாத அவன் அவளையே கொன்றுவிடுவான். இவ்வாறு வழக்கின் இருமுனைகளிலும் பெண்ணே நிற்கிறாள். வெளியே அழைக்கப்படும் சூலி ஒருத்தி. உள்ளே காத்திருக்கும் மனைவி மற்றொருத்தி. விலை கொடுப்பவளும் பெண், மீட்பவளும் பெண்.

வாசலில் நிற்கும் மனைவி

மனைவி மீட்பவளாக வரும் கூறு கேரளத்திற்கு மட்டும் உரியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரி த பிரான்ஸ் பிரெஞ்சு மொழியில் பாடிய 'பிஸ்கிளாவ்ரே' என்னும் கதைப்பாடலில், வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகும் வீரன் ஒருவன் தன் ஆடையைக் கொண்டே மனிதனாக மீள்வான். அவன் மனைவி அச்சமுற்று, வேறொருவனைக் கொண்டு அவ்வாடையைக் கவர்ந்துவிடுகிறாள். மீட்க வேண்டியவள் மீட்க மறுப்பதே அங்குக் கதையாகிறது.

தமிழ் மரபில் இதற்கு இணையாகப் பலரும் நினைவுகூர்வது 'கூடு விட்டுக் கூடு பாய்தல்'. இது வேறு வகையினது. இங்கு உடல் மாறுவதில்லை. உடலுக்குள் இருக்கும் உயிரே மாறுகிறது. பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாற்றில், மூலன் என்னும் ஆயனின் உடலில் சிவயோகியார் புகுந்தபின், மூலனின் மனைவி அவரைத் தன் கணவனெனக் கருதி அணுக, அவர் விலகி நிற்கிறார். கணவனின் உடல் கண்முன் நிற்கவும் கணவன் இல்லை என்பது அவளது துயரம். ஒடியனின் மனைவிக்கோ உடல் வேறாயிருக்க, உள்ளிருப்பவன் தன் கணவனே என்னும் நம்பிக்கை. இரு மரபுகளும் எதிரெதிர்த் திசையில் அமைந்தாலும், உருமாற்றத்தின் உண்மையான சோதனை இல்லத்து வாசலில்தான் நிகழ்கிறது என்பதில் ஒன்றுபடுகின்றன.

புதினத்திலிருந்து திரைக்கு

அமெரிக்க எழுத்தாளர் ஆனெட் கர்ட்டிஸ் கிளவுஸ் எழுதிய 'பிளட் அண்ட் சாக்லேட்' என்னும் புதினம் 1997இல் வெளிவந்தது. மேரிலாந்துப் பகுதியில் வாழும் பதினாறு வயது விவியன் ஓநாய்க் குலத்தவள். ஏய்டன் என்னும் மனித இளைஞனைக் காதலித்து, தன் மறுவடிவை அவனுக்குக் காட்டுகிறாள். அவன் அஞ்சி வெறுக்கிறான். இறுதியில் வெள்ளிக் குண்டுடன் அவளை எதிர்கொள்கிறான். காயமுற்ற விவியன் இரு வடிவுக்கும் இடையே சிக்கித் தவிக்கிறாள். அவளை முழுமையாக ஏற்பவன் குலத் தலைவன் கேப்ரியல். தன் உடலைத் தானே ஏற்பதுதான் புதினத்தின் முடிவு.

கேட்யா ஃபோன் கார்னியர் இயக்கத்தில் 2007இல் வந்த திரைப்படம் இதைத் தலைகீழாக்கியது. களம் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டுக்கு மாறியது. விவியன் சாக்லேட் கடையில் பணிபுரியும் இளம்பெண் ஆனாள். கேப்ரியல் எதிர்த்தலைவன் ஆனான். அஞ்சி விலகிய ஏய்டன் உறுதியான காதலன் ஆகி, இறுதியில் அவளுடன் இணைகிறான். உடல் மாறும் வேதனையைப் புதினம் எலும்பும் தசையும் உணர எழுதியிருக்க, திரையில் ஒளி சூழ்ந்த ஒரு பாய்ச்சலோடு அது முடிந்துவிடுகிறது. மூன்று வினாக்களுக்கும் விடை மாறிவிட்டது: உடல் வலியின்றி மாறுகிறது, விலையைக் குலம் கொடுக்கிறது, மீட்பவன் வெளியிலிருந்து வந்த மனிதன்.

ஸ்டெஃபனி மேயரின் 'நியூ மூன்' (புதினம் 2006, திரைப்படம் 2009) மூலத்தை விட்டு இவ்வளவு விலகவில்லை. ஒரு கணச் சினத்தில் ஓநாயாகிய சாம், தான் விரும்பும் எமிலியின் முகத்தில் மாறா வடுவை ஏற்படுத்தியது இரண்டிலும் உண்டு. ஆனால் அங்குச் சிக்கல் வேறு. ஓநாய் மனிதர்களாகக் காட்டப்படுவோர் வாஷிங்டன் மாநிலத்தில் உண்மையாகவே வாழும் குவில்யூட் பழங்குடியினர். தாம் ஓநாயிலிருந்து மனிதராக்கப்பட்டவர் என்பது அவர்தம் தோற்றக்கதை. அதன்மீது எழுத்தாளரின் கற்பனை ஏற்றப்பட்டு, அதுவே உலகறிந்த வடிவமாயிற்று. வாழும் சமூகத்தின் வழக்கைத் தழுவும்போது நேரும் இவ்விடர் ஒடியனுக்கும் பொருந்துவது.

திரையில் ஒடியன்

'ஒடியன்' திரைப்படத்தின் களம் பாலக்காட்டுத் தேங்குறிச்சி. மோகன்லால் ஏற்ற மாணிக்கன், ஒடியர்களில் கடைசியானவன். மஞ்சு வாரியர் ஏற்ற பிரபா, பெரிய வீட்டுப் பெண். பிரகாஷ்ராஜ் ஏற்ற இராவுண்ணி பிரபாவை அடைய விரும்புபவன். சூழ்ச்சியால் கொலைப்பழி மாணிக்கன் மீது விழ, ஊரை விட்டுச் சென்று காசியில் வாழ்ந்த அவன் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் திரும்புகிறான். பழி துடைத்தலும் பழி வாங்கலும் கதையாகின்றன.

இங்கு உடல் மந்திரத் தைலத்தால் மாறுவதில்லை. தோலும் கொம்பும் அணிதல், இருளில் விரைந்து பாய்தல் ஆகிய உடற்பயிற்சியால் பெற்ற வித்தையே உருமாற்றமாகக் காட்டப்படுகிறது. இது அறிவு சார்ந்த விளக்கம், வரவேற்கத்தக்கதும் கூட. மின்விளக்கு வந்ததும் ஒடியனின் இரவு மறைந்தது என்னும் கருத்தும் இவ்விளக்கத்தோடு இயைகிறது.

விலை கொடுப்பவர் யார் என்னும் வினாவில் ஓர் ஆதாயமும் ஓர் இழப்பும் உள்ளன. கருவைக் கவர்பவன் என்னும் பழியிலிருந்து ஒடியனைத் திரைப்படம் விடுவிக்கிறது. பழி சுமத்தப்பட்டவன் குற்றமற்றவனாகலாம் என்று எண்ணிப் பார்ப்பதற்கு வழக்கின் பழைய பதிவுகளில் இடமே இல்லை. அவ்வகையில் இது துணிவான மாற்றம். ஆனால் அப்பழியைச் சுமத்திய சமூக ஒழுங்கு திரையில் விசாரிக்கப்படுவதில்லை. குற்றம் முழுதும் இராவுண்ணி என்னும் தனிமனிதனின் காமத்தில் ஒடுங்கிவிடுகிறது. அவன் வீழ்ந்தால் நீதி கிடைத்துவிடும். ஊர் மாற வேண்டியதில்லை.

மூன்றாவது வினாவில் இழப்பு மட்டுமே எஞ்சுகிறது. நீர்க்குடத்துடன் வாசலில் நின்று, உயிரைப் பணயம் வைத்துக் கணவனை மீட்ட பெண்ணின் இடத்தில், காதலனின் வரவுக்காகக் காத்திருக்கும் பெண் வருகிறாள். காத்தலுக்கும் மீட்டலுக்கும் வேறுபாடு பெரிது. விவியனின் புதின ஆளுமையைத் திரைப்படம் குறுக்கியதும், ஒடியன் மனைவியைத் திரைப்படம் மறந்ததும் ஒரே போக்கின் இரு வடிவங்கள் எனலாம்.

ராகுல் சதாசிவன் இயக்கிய 'பிரமயுகம்' (2024) இதற்கு மாறான வழியைக் காட்டுகிறது. பாணர் குலப் பாடகன் ஒருவன் நம்பூதிரி மனையில் சிக்கிக்கொள்ளும் இக்கருப்பு வெள்ளைப் படத்தில், மனைக்குரியவனின் உருவில் இருப்பது சாத்தன். இங்குக் காதல் மையமன்று. உருமாறியவன் அஞ்சத்தக்கவனாகவே நிற்பதால், யார் யாரை அடிமைப்படுத்துகிறார் என்னும் வினாவும் இறுதிவரை மங்காமல் நிற்கிறது.

முடிவுரை

விலங்கு காதலனாகும்போது கதை முதலில் இழப்பது அதன் அச்சத்தையே. அச்சம் நீங்கினால் கேடு என்ன என்று கேட்கலாம். உருமாற்றக் கதைகளில் அச்சமே சமூக நினைவைத் தாங்கி நிற்கிறது. யார் யாரைக் கண்டு அஞ்சினர், அவ்வச்சத்தின் பெயரால் யார் துன்புற்றனர் என்பவற்றை அதுவே சொல்கிறது. புதினம் மூலமாயின், திரைப்படம் மாற்றிய பின்னும் புதினம் நூலகத்தில் இருக்கும். விவியனின் முடிவை இன்றும் படித்தறியலாம். வாய்மொழிக்கு அப்பாதுகாப்பு இல்லை. திரையில் கண்ட உருவமே அடுத்த தலைமுறைக்கு மூலமாகிவிடும்.

ஆகவே பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறை முதலிய தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் ஊர்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் உருமாற்றக் கதைகள் இரு மொழியிலும் தொகுக்கப்பட வேண்டும். குறிப்பாக, பழி சுமத்தப்பட்ட சமூகத்தார் இக்கதையை எவ்வாறு சொல்கின்றனர் என்பதும், பெண்கள் எவ்வாறு சொல்கின்றனர் என்பதும் தனித்தனியே பதிவாக வேண்டும். அத்தொகுப்பு உருவானால்தான் ஒடியன் திரைப்படத்தையும் இனி வரும் தழுவல்களையும் உரிய மூலத்தோடு ஒப்பிட்டு மதிப்பிட முடியும்.