இடம் விட்ட மெட்டு

ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்துவிட்டால் இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு வார்த்தை வேண்டியதில்லை. 'தன்னானா' போதும். ஒரு கை துருத்தியை அசைக்கும், மறு கை கட்டைகளில் ஓடும், குரல் மெட்டைத் தேடிக்கொண்டு முன்னால் போகும். இயக்குநர் முகம் சுளித்தால் வருத்தமில்லை. அடுத்த மெட்டு தயாராக இருக்கும். ஒரே காட்சிக்கு அடுக்கடுக்காகப் போட்டுக்காட்டி, எதை விடுவது என்று எதிரில் இருப்பவர்களைத் திணறவைப்பார்.

இவ்வளவு ஊற்றெடுக்கிறவர் எல்லாவற்றையும் தானே நிரப்பிவிடலாம். அவர் நிரப்பவில்லை. கவிஞர் நுழைய ஒரு வாசல், பாடகர் இழைக்க ஒரு திண்ணை, குழல்காரர் எட்டிப்பார்க்க ஒரு ஜன்னல் என்று மெட்டிலேயே இடம் விட்டு வைத்தார். அவருடைய பணிவைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பணிவு பாட்டுக்குள்ளேயே கேட்கிறது.

கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927, ஜூன் 24. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் விஸ்வநாதன். மெட்டுக்குப் பாட்டு, பாட்டுக்கு மெட்டு என இரண்டு வழியிலும் போனார்கள். சந்தம் இடித்தால் சொல் மாறும். சொல் அழகாக விழுந்துவிட்டால் சந்தம் வளைந்து கொடுக்கும். சண்டைக்கும் குறைவில்லை. ஆனாலும் அந்தப் பாடல்களில் எந்தச் சொல்லும் தாளத்துக்குள் திணிக்கப்பட்டதாகத் தெரியாது. பேசுகிற வாக்கியம் தானாகவே பாட்டாகிவிட்டதுபோல் இருக்கும்.

'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் கமல்ஹாசன் பலகுரல் கலைஞராக வந்து பாடும் பாட்டைக் கேளுங்கள். பாடும் குரல் எஸ்.பி.பாலசுப்ரமணியம், நடுநடுவே எழும் விதவிதமான ஒலிகள் சதன் என்ற கலைஞரின் தொண்டையிலிருந்து வந்தவை. பாட்டு ஓர் அடி பாடிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. சதன் வந்து தன் வேலையைக் காட்டுகிறார். பிறகு பாட்டு சிரித்துக்கொண்டே தொடர்கிறது. வாத்தியத்தை வைத்து அடைத்திருக்கக்கூடிய இடைவெளியை ஒரு மனிதருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார் மெல்லிசை மன்னர் விஸ்வநாதன்.

அன்றைய ஒலிப்பதிவும் கூட்டுக் குடித்தனம்தான். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினாலும் எல்லோரும் பல்லவிக்குத் திரும்ப வேண்டியதுதான். அடுத்தவர் கவனத்தை நம்பித்தான் ஒவ்வொரு பாட்டும் பிறந்தது.

பட்ட கடனை அவர் மறக்கவே இல்லை. கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் தொடங்கியது பாடம். சினிமாவில் கைதூக்கிவிட்டவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு, அந்த ஆசானை முதுமையில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1952-ல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் இளவயதிலேயே மறைந்தபோது, பாதியில் நின்ற 'தேவதாஸ்' வேலையை டி.கே.ராமமூர்த்தியோடு சேர்ந்து முடித்தார். அந்த இரட்டையர் கூட்டு 'பணம்' படத்தில் தொடங்கி 1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை ஓடியது.

மூத்தவர்களுக்குக் கொடுத்த இடம் இளையவர்களுக்கும் இருந்தது. 1986-ல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இளையராஜாவோடு சேர்ந்து இசையமைத்தார். 'சங்கமம்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் பாடினார். சொந்த மெட்டுகளின் மன்னர், அடுத்தவர் மெட்டில் பாடகராக வந்து நின்றார்.

கேட்பவருக்கு அவர் விட்ட இடம்? மனோன்மணியம் சுந்தரனார் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவர் அவர்தான். 1970-ல் அது அரசு விழாக்களின் பாடலானது. மோகன ராகம், திஸ்ர நடை, ஐந்தே சுரம். பள்ளி மைதானத்தில் சுருதிப்பெட்டி கிடையாது. முன்வரிசைச் சின்னப்பிள்ளைகள் ஓட்டமாக ஓடுவார்கள், பின்வரிசைப் பெரிய பையன்கள் இழுப்பார்கள், தலைமையாசிரியர் தனிச் சுருதியில் போவார். நானும் அந்த வரிசையில் கீச்சுக்குரலில் கத்தியவன்தான். மெட்டுப் போட்டவர் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இருந்தும் அத்தனை கோணல் குரல்களையும் அந்த மெட்டு தாங்கிக்கொண்டது; கடைசி வரிக்கு எல்லோரும் எப்படியோ ஒன்றாக வந்து சேர்ந்தோம்.