பூதவாதியின் மது

பெங்களூரு நிம்ஹான்ஸ் வளாகத்தில் மூளை அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பதப்படுத்திய மனித மூளையை அங்கே கையில் வாங்கியே பார்க்கலாம். எடை ஒன்றேகால் கிலோ சொச்சம். ஒருவருடைய முன்கோபம், வாய்ப்பாடு, அம்மாவின் குரல் எல்லாம் இதற்குள்ளேயா இருந்தன என்று கேட்காமல் யாரும் அதைக் கீழே வைப்பதில்லை.

தமிழில் இது பழைய கேள்வி. மணிமேகலையின் 27-ஆம் காதையில் பூதவாதி ஒருவன் பதில் வைத்திருக்கிறான். தாதகிப் பூவையும் வெல்லத்தையும் சேர்த்தால் மதுவின் களிப்பு பிறக்கிறதல்லவா? நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறப்பதும் அப்படித்தான். பிரிந்தால் பறையோசை போல் அடங்கிவிடும். பூவுக்குப் பதில் நியூரானை வைத்தால் இன்றைய நரம்பியல் கருத்தரங்கில் கூட அவன் எழுந்து பேசலாம்.

அவனை மணிமேகலை மடக்குவது மூளையைக் கொண்டல்ல, அறியும் வழியான அளவையைக் கொண்டு. கண்ணால் கண்டதே மெய், அனுமானம் செல்லாது என்கிறவனிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். நம் தரிசனங்களின் தரக்கட்டுப்பாடு இதுதான். என்ன சொல்கிறாய் என்பதற்கு முன்னால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். பூதவாதியைப் போலப் பொருளையே மெய்யெனக் கொள்ளும் உலகாயதருக்குக் காட்சி ஒன்று போதும். சைவ சித்தாந்திக்குக் காட்சி, கருதல், உரை என மூன்று வேண்டும்.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை மறுக்கும் பரபக்கத்தைத் தொடங்குவதே உலகாயதனிடமிருந்துதான். ஆனால் ஆங்கில நூல்களை மட்டும் படித்துவிட்டு வாதத்துக்கு வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் சித்தாந்தத்தில் மாயையின் காரியங்கள், சடம். சாங்கியமும் மனத்தைப் பிரகிருதியின் பக்கமே தள்ளுகிறது. ஜடத்திலிருந்து மனம் வந்தது என்று பூதவாதி சொன்னால், சரி, அதற்கென்ன என்பார்கள் இவர்கள். வழக்கு மனத்தைப் பற்றியதல்ல, அதைக் கருவியாகக் கொண்டு அறிகிறவனைப் பற்றியது. மதுவின் போதை ஏறுவது குடித்தவனுக்கு, பானைக்கு அல்லவே!

அப்படியானால் மயக்க மருந்து கொடுத்ததும் அறிகிறவன் எங்கே போகிறான்? சித்தாந்தம் இதற்கு நனவு, கனவு, உறக்கம் முதலான ஐந்து அவத்தைகளைக் காட்டுகிறது. கருவிகள் ஒவ்வொன்றாக விலக விலக, ஆணவத்தால் மறைக்கப்பட்ட உயிர் அறிய முடியாமல் கிடக்கும். விடை கெட்டிக்காரத்தனமானது. ஆனால் எந்தச் சோதனையாலும் பொய்ப்பிக்க முடியாதது. அதுவே அதன் பலவீனமும்.

நியாய தரிசனத்தாரான நையாயிகர் வழி தனி. அறிவு ஆன்மாவின் குணம். ஆனால் மனத்தோடு சேர்ந்தால்தான் தோன்றும், முக்தியில் இராது. முக்தியும் கல்லும் ஒன்றா என்று எதிராளிகள் கேலி செய்தார்கள். சிருங்கேரி அத்வைதம், மேலுக்கோட்டை விசிஷ்டாத்வைதம், உடுப்பி துவைதம் மூன்றும் தமக்குள் ஓயாமல் சண்டையிட்டாலும், அறிவு ஜடத்தில் பிறந்ததல்ல என்பதில் ஒரே கட்சி.

பெங்களூருவிலும் இந்த வாதம் ஓயவில்லை. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் 1988-இல் தொடங்கிய தேசிய உயர் ஆய்வு நிறுவனத்துக்கு முதல் இயக்குநர் அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா. அண்டக் கதிர்களை ஆராய்ந்த பி.வி. ஸ்ரீகண்டன் ஓய்வுக்குப் பிறகு அங்கே அமர்ந்துதான் உணர்வைப் பற்றி எழுதினார்.

1998-இல் நரம்பியலார் கிறிஸ்டோஃப் காக், உணர்வின் நரம்பு அடையாளம் 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023-இல் நியூயார்க்கில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் கொடுத்தார். பூதவாதி இருந்திருந்தால் உவமை நம்முடையது என்றிருப்பான்.

நிம்ஹான்ஸ் போகிறவர்கள் அந்த 27-ஆம் காதையையும் ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.